என்னா இருக்குன்னு சொல்லு

காலையில் பல்லைக்கூட விளக்கியிருக்க மாட்டேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தங்கச்சி, சொல்லு" என்று குரல் வரும். முதல்நாள் சாயந்தரம் கொடுத்த கிண்ணத்தில் இருந்ததைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். "நல்லா இருந்துச்சுக்கா" என்று ஒரு வார்த்தையில் தப்பிக்கலாம் என்று பார்த்தால் நடக்காது.

"நல்லா இருக்குன்னு சொல்லாத. என்னா இருக்குன்னு சொல்லு."

இந்த ஒரு பேச்சோடு இரண்டரை வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உப்பு எப்படி, புளிப்பு முதலில் வந்ததா கடைசியில் வந்ததா, உறைப்பு நாக்கிலா தொண்டையிலா, பூண்டு பச்சையாகத் தெரிகிறதா வெந்ததாகத் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் கண்டி டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறவள். பிலிமத்தலாவைச் சந்தியில் ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் ஒற்றைக்காலில்தான் நிற்க வேண்டும். டொக்டர்மாரின் கிறுக்கலை நாள் முழுக்க வாசிக்கிற எனக்கு, விடிந்ததும் விடியாததுமாக நாக்கில் எங்கே புளித்தது என்று பரீட்சை எழுத வேண்டியிருந்தது.

அந்த அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. மேட்டில் இரண்டே வீடு, நடுவில் குரோட்டன் வேலி. மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர்; புருசன் இல்லை, ஒரே மகளை ஹற்றன் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். லெபனானில் ஒரு வீடு, சைப்பிரஸில் ஒரு வீடு, சிங்கப்பூரில் ஒரு வீடு என்று தன் வயதில் பாதியை அடுத்தவர் குசினியில் சமைத்தே கழித்துவிட்டு வந்தவர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டிவி கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது சோஸ். லெபனான்காரர்களின் வெள்ளைப் பூண்டுச் சோஸ், சைப்பிரஸ்காரர்கள் தயிரில் வெள்ளரிக்காய் துருவிப் போடுவது, சிங்கப்பூரில் இறைச்சிக்குத் தொட்டுக்கொள்கிற, நிலக்கடலையை வறுத்து அரைத்த கச்சான் சோஸ். அது போதாதென்று போனில் பார்த்துப் பார்த்து இன்னும் நாலைந்து நாட்டையும் சேர்த்துக்கொண்டார்.

வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார். "இனி ஏர்போட் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன் தங்கச்சி. செத்தாலும் இந்த மேட்டுலதான்."

அதற்கு அவரிடம் ஒரு வழியும் இருந்தது. கண்டியில் குளத்துக்கு மேலே மலையில் ஒரு சிங்கள அம்மா சின்னதாக விருந்தினர் விடுதி நடத்தினார். அங்கே வாரக்கணக்கில் தங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு நாலாம் நாளே நம்முடைய சோறு கறி அலுத்துவிடுமாம். அவர்கள் ஊர்ச் சாப்பாட்டை வீட்டுச் சமையலாகச் செய்கிற ஒரு ஆளை அந்த அம்மா தேடிக்கொண்டிருந்தார். "ஒரு நாள் வந்து சமைத்துக் காட்டு, சரியென்றால் குசினி உனக்குத்தான்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் அக்கா இங்கேயே இருப்பார். கிடைக்காவிட்டால் திரும்பவும் பாஸ்போட்டைத் தூக்கிக்கொண்டு ஏஜென்சிப் படி ஏற வேண்டியதுதான். அந்த ஒரு நாளுக்காக அவர் ஒத்திகை பார்த்தது முழுவதும் என் நாக்கில்.

என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிற மனிதர். பருப்பும் சம்பலும் இருந்தால் உலகத்தில் வேறொன்றும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தில் பட்டர்புரூட் மசித்து வந்தது. சீனியும் பாலும் போட்டிருக்கும் என்று நம்பி ஒரு பெரிய கரண்டி அள்ளி வாயில் வைத்தார். உள்ளே பச்சை வெங்காயம், தேசிக்காய்ப் புளி, உப்பு, உறைக்கிற கொச்சிக்காய். முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பட்டர்புரூட்டுல வெங்காயம் போடுற பொம்பளைய நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார். "இனிமே அந்தக் கிண்ணம் உங்க ரெண்டு பேர் விசயம். என்னைய விட்டுடு."

அன்றோடு அவர் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை. கோழிக்கறியில் சொக்லட் போட்டு வந்த நாளில் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பக்கத்துத் தோட்டத்துக் கொக்கோக் காயை உடைத்து, காயவைத்து, வறுத்து, அம்மியில் அரைத்துச் செய்தது. நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். கசப்பு, பிறகு இனிப்பு, பிறகு எங்கேயோ இருந்து மிளகாய். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல விடிந்ததும் அரைமணி நேரம் வேண்டுமே.

அந்தக் கிண்ணம் நீலக் கரை போட்ட எனாமல் கிண்ணம். யார் வீட்டிலிருந்து பாத்திரம் வந்தாலும் நாங்கள் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. குறைந்தது ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்போம். அவரும் அப்படித்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நான் போட்டுக் கொடுக்கிற எதையும் அவர் சும்மா விடமாட்டார். நாலு கொய்யாப்பழம் போட்டுக் கொடுத்தேன், மூன்றாம் நாள் கொய்யாவும் கொச்சிக்காயும் சேர்ந்து சோஸாக வந்தது. இரண்டு ஈரப்பலாக்காய்த் துண்டு கொடுத்தேன், அது எள்ளோடு அரைபட்டு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து எது போனாலும் அது சோஸாகத் திரும்பி வந்து என்னிடமே கேள்வி கேட்டது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் ஒரு தந்திரம் செய்தேன். வேதக்காரர்தானே, நம்முடைய விரத நாள் இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். "இன்னைக்குப் பிரதோசம்க்கா, ஒண்ணும் தொட மாட்டேன்" என்றேன். அடுத்த வாரம் சதுர்த்தி. அதற்கு அடுத்த வாரம் கார்த்திகை. ஒரு மாதத்தில் மூன்று பிரதோசம் வந்தபோது அக்கா விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் டவுனில் ஒரு தமிழ்க் கலண்டர் வாங்கிவந்து, அவர் குசினியில் மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். விரத நாளெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம்.

"இன்னைக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி, பாத்துட்டுத்தான் வந்தேன்" என்று அதன்பிறகு கிண்ணத்தோடு வருவார். உண்மையான ஏகாதசியை நான் மறந்துபோய் முட்டை பொரித்துக்கொண்டிருந்த அன்று, வேலியோரம் நின்று ஞாபகப்படுத்தியதும் அவர்தான். வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது எனக்கு.

இன்னொரு நாள் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, தக்காளியைச் சுட்டு அரைப்பதா அவித்து அரைப்பதா என்று என்னிடம் வாதாடிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுப் பக்கமிருந்து தீய்ந்த வாடை குப்பென்று வந்தது.

"அக்கா, ஏதோ அடிப்பிடிக்குது!"

"எங்க?"

"உங்க அடுப்புலதான்!"

ஓடினார். சோறு கரியாகியிருந்தது. பேச்சு என்று வந்தால் இந்த மனுசிக்கு வீடு பற்றி எரிந்தாலும் தெரியாது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு தரம் பாமசிக்கே வந்து மூக்குக்கு விடுகிற மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்து, பையில் போட்டு, எத்தனை துளி என்றும் சொல்லி அனுப்பினேன். சளி, தடிமன் என்றுதான் நினைத்தேன். மருந்துக் கடையில் பதினொரு வருடம் நிற்கிறவள் நான்.

அவரிடம் நல்லது ஒன்றுமே பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து எழும்பிய வாரம், தண்ணீர்கூடக் கசந்தது. அக்கா கோழி அவித்த தண்ணீரில் முட்டையும் தேசிக்காயும் அடித்துச் சேர்த்து ஒரு சூப் கொண்டுவந்தார். சைப்பிரஸில் அவர் பார்த்துக்கொண்ட கிழவிக்குச் செய்து கொடுப்பதாம். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும்வரை இருந்தார். அன்றைக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தைத் தானே கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளைக்காரர் வரத்து இல்லையென்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விடுதிக்கார அம்மா கடைசியில் ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாடு, ஆறு வெள்ளைக்காரர்கள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு சோஸ் செய்வது என்று முடிவு செய்து, மூன்றை என் நாக்கில் பலமுறை தேய்த்துச் சரிபார்த்துவிட்டார். நாலாவது, கச்சான் சோஸ், பாக்கி.

அந்த நேரம் பார்த்து நானும் ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். அம்மாவின் கண் ஆபரேசன் நல்லபடி முடிய வேண்டும் என்று ஒன்பது செவ்வாய்க்கிழமை உப்பில்லாமல் ஒருவேளை. இது கலண்டரில் இல்லாத விரதம். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அக்கா கிண்ணத்தை நீட்டியபோது விரதம் என்று சொல்ல வாயெடுத்தேன். குசினியில் சிவப்பு வட்டம் போட்டுத் தொங்குகிற கலண்டர் ஞாபகம் வந்தது. சொன்னால் நம்பமாட்டார், நான் சொல்லிவைத்த பிரதோசங்கள் அப்படி. பேசாமல் வாங்கிப் பிரிட்ஜில் வைத்தேன்.

"காலையில சொல்லு தங்கச்சி. இது உன்னோட கச்சான்லதான் செஞ்சேன்" என்றார்.

போன வாரம் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வீட்டில் வேறொன்றும் இல்லை. தகரப் பேணியில் நவராத்திரிச் சுண்டலுக்கு வாங்கி மிஞ்சிய கச்சான் கிடந்தது. மழைக்காலம் முழுக்க அங்கேதான் கிடந்தது. வெறும் கிண்ணமாகப் போகக்கூடாதே என்று, திறந்ததும் கொட்டினேன். முகர்ந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் எனக்கு ஏற்கெனவே பத்து நிமிடம் பிந்திவிட்டது. குடையைத் தேடுகிறேன், வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கட்டுகிறேன். அந்தப் பக்கம் அக்கா பூப்போட்ட புதுச் சேலையில், தலையைப் படிய வாரிக்கொண்டு, கையில் பெரிய பெட்டியோடு நிற்கிறார். ஓட்டோ வந்து ஹோன் அடிக்கிறது.

"தங்கச்சி, சொல்லு."

விரதம் முடிந்திருந்தது. பிரிட்ஜைத் திறந்து ஒரு விரலால் தொட்டு நக்கியிருந்தால் போதும். அதைக்கூட நான் செய்யவில்லை. இரண்டரை வருடம் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தப் பாஷை மனப்பாடம்.

"உப்பு சரி. புளிப்பு முதல்ல வருது, உறைப்பு கடைசியில, தொண்டையில. கச்சான் நல்லா வறுபட்டுத் தெரியுது."

"கசப்பு ஏதும்?"

"இல்லக்கா. போங்க, நேரமாச்சு."

அவர் முகம் மலர்ந்தது. "இப்படித்தான் சொல்லணும்" என்று சிலுவை போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

சாயந்தரம் நான் வந்தபோது அவர் வீட்டில் லைட் எரிந்தது, குரல் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். "தலையிடி தங்கச்சி, நாளைக்குப் பேசுவோம்" என்று உள்ளேயிருந்தே சொன்னார். உடனே எங்கள் குசினிக்குப் போனேன். பிரிட்ஜைத் திறந்து கிண்ணத்தின் மூடியை எடுத்தேன். நாக்கில் வைக்கத் தேவையே இருக்கவில்லை. காறல் வாடை முகத்தில் அடித்தது. பழைய எண்ணெய் மாதிரி, மூக்குள்ள யாரும் பத்தடி தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

மூக்குள்ள யாரும். கரிந்த சோறு, மூக்கு மருந்து, ஒருநாளும் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்க்காமல் சமைத்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. உலகமே முகக்கவசம் போட்டுத் திரிந்த காலத்தில், சிங்கப்பூரில் அந்தப் பெரிய காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததாக ஒருமுறை சொல்லியிருந்தார். பாமசியில் அந்தக் காலத்தில் எத்தனை பேர் வந்து வாசனை தெரியவில்லை, ருசி தெரியவில்லை என்று சொன்னார்கள். பலருக்குத் திரும்பி வந்தது. சிலருக்கு வரவேயில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த மலைக்கு ஏறிப் போனேன். விடுதிக்கார அம்மா கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். சிங்களத்தில்தான் பேசினோம்.

"மற்ற மூன்றும் அருமை" என்றார். "அந்தக் கச்சானைத்தான் ஒருவரும் விழுங்கவில்லை. அவளுக்கு மணமும் ருசியும் தெரியாது என்று எனக்குத் தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கிறாள், அவள் நாக்கைத் தாண்டாமல் ஒன்றும் மேசைக்கு வராது என்று சொன்னாள். அதனால்தான் சரி என்றேன்."

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அப்படியென்றால் இதை அந்தத் தங்கச்சி பார்க்கவில்லையா என்று கேட்டேன். கொடுக்க மறந்துவிட்டேன் என்றாள். அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. மணம் தெரியாதது குற்றமில்லை. மறக்கிறவளிடம் எப்படிக் குசினியைக் கொடுப்பது?"

"மறக்கவில்லை" என்றேன். "கொடுத்தார். நான்தான் சாப்பிடாமலே நல்லது என்று சொன்னேன். அந்தத் தங்கச்சி நான்தான். கச்சானும் நான் கொடுத்தது."

அந்த அம்மா என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினார். கோபப்படவில்லை.

"அப்படியென்றால் இன்னும் மோசம் பிள்ளை. அவளுக்கு இருந்தது உன் நாக்கு ஒன்றுதான்."

இறங்கி வந்து நேரே வேலிக்குப் போனேன். அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"மூக்கு போச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த அம்மாகிட்டச் சொல்லத் தெரியுது!"

"அவங்ககிட்ட மறைச்சா அது பொய். உன்கிட்டச் சொன்னா நீ பாவம் பாத்து எல்லாத்தையும் நல்லா இருக்குன்னு சொல்லுவ" என்றார்.

"ஏன்க்கா மறந்துட்டேன்னு சொன்னீங்க?"

ஒரு சேலையை உதறிக் கயிற்றில் போட்டார். "பின்ன என்னா சொல்றது? என் தங்கச்சி சாப்பிடாமப் பொய் சொல்லிட்டான்னா?" என்றார். பிறகு, "கச்சான் பழசுன்னு எனக்கு எப்படித் தெரியும். நீ குடுத்ததுல செஞ்சா ராசியா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதியையும் தரவில்லை அந்த மனுசி.

விசா வர ஏழு வாரமானது. திரும்பவும் சைப்பிரஸ், திரும்பவும் ஒரு கிழவி. அந்த ஏழு வாரமும் நான் ஏழு மணி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படவில்லை. கிண்ணம் வந்ததும் வேலியோரத்திலேயே நின்று, அவர் கண் முன்னால் சாப்பிட்டேன். உப்பு கூட என்றேன். எள்ளு தீய்ந்துவிட்டது என்றேன். பூண்டுச் சோஸில் எண்ணெய் பிரிந்து நிற்கிறது, இதை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள் என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் சந்தோசமாகத் தலையாட்டி, கலண்டர்த் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதிக்கொண்டார். குறை சொல்லச் சொல்ல அவருக்கு வாயெல்லாம் பல்.

"இப்பத்தான் உனக்கு நாக்கு வந்திருக்கு" என்றார்.

போகிற அன்று நீலக் கரைக் கிண்ணம் என்னிடம் இருந்தது. அதில் என்ன போட்டுக் கொடுப்பதென்று தெரியாமல் நான் குசினியில் தடவிக்கொண்டிருந்தபோது வேன் வந்துவிட்டது. "அது உன்கிட்டயே இருக்கட்டும், வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லி ஏறிவிட்டார். இன்னும் அலுமாரியில் இருக்கிறது. எனக்கு இப்போது எதைச் சாப்பிட்டாலும் புளிப்பு எங்கே, உறைப்பு எங்கே என்று நாக்கு தேடுகிறது. என் பருப்பைக்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. வீட்டுக்காரர், "எதுக்குச் சாப்பாட்டை வச்சுக்கிட்டு யோசிக்கிற?" என்று எரிந்து விழுகிறார்.

மாதத்துக்கு இரண்டு தரம் வாட்சப்பில் குரல் அனுப்புவார். கூடவே ஒரு தட்டின் படம் வரும். ஏதோ சிவப்பாக, ஏதோ வெள்ளையாக, மேலே பச்சை இலை தூவி. போன வாரம் வந்ததை நான் பாமசியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் காதில் வைத்துக் கேட்டேன்.

"தங்கச்சி, இந்தக் கிழவி நல்லவங்க. வீட்டு ஆளுங்களும் நல்லவங்க. என்னா செஞ்சு வச்சாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு."